ஊசி ஆடக் கூடாது

முதல் முக்குளிப்பு முடிந்து ஏறியவர்களின் உடையிலிருந்து சொட்டும் நீர் படகுப் பலகையில் வெயிலோடு பளபளக்கிறது. மறுபடி இறங்குமுன் வழிகாட்டி காலையில் சொன்ன பாடத்தையே திரும்பச் சொல்கிறார். தங்கையோடு வந்திருந்த அண்ணன் காலையில் அதைக் காதில் வாங்கவில்லை, கடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். கூட இறங்கும் ஜோடியின் காற்றுச் சிலிண்டரைச் சோதிக்கச் சொன்னபோது தங்கையின் முதுகுச் சிலிண்டரை இரண்டு தட்டுத் தட்டி, "எல்லாம் ஓகே, குதி" என்றான். அரைகுறையாகத் திறந்திருந்த வால்வு ஆழத்தில் அவளை மூச்சுத் திணற வைத்தது. வழிகாட்டிதான் பாய்ந்து வந்து திருகிவிட்டார். "மூச்ச இழுக்கும்போது காத்தழுத்த மானியோட ஊசி ஆடக் கூடாது. ஆடுனா வால்வு முழுசா திறக்கலன்னு அர்த்தம்" என்கிறவர் தங்கையிடம் திரும்புகிறார். "உங்களுக்கு யாரு பாத்தது?" "எங்கண்ணன் நல்லாத்தான் பாத்தான். நான்தான் எங்கயாவது இடிச்சிருப்பேன்." திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் அண்ணன் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருக்கும் கால் துடுப்பின் வாரைச் சரிசெய்கிறான். "திரும்புண்ணா" என்கிறாள். அவன் வால்வைக் கடைசிவரை திருகுகிறாள். "ஏய், காலைல நான்..." என்று அவன் தொடங்குவதற்குள் காற்றுக் குழாயின் முனையை அவன் வாயில் வைத்துவிடுகிறாள். "பேசாம இழு." இழுக்கிறான். மானியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவ. எனக்கு ஆன மாதிரி உனக்கு ஆயிடக் கூடாது." ஊசி அசையாமல் நிற்கிறது. காற்று தாராளமாக வந்துகொண்டே இருக்கிறது.