அடுக்கியும் எண்ணியும்

ஒரு கணினி புரோகிராமுக்குள், ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் அடுக்கி என்றொரு ஃபங்ஷன் இருந்தது. லட்சம் பெயர்களைக் கொடுத்தாலும் பிசகில்லாமல் அகரவரிசையில் அடுக்கிவிடும். அந்தக் கர்வத்தில் பக்கத்திலிருந்த எண்ணி என்ற குட்டி ஃபங்ஷனோடு அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்று, அதைச் சரிபார்த்து ஓடத் தயாராக்கும் கம்பைலர் விசாரிக்க வந்தது.

“நான் இல்லாம இங்க எதுவும் ஓடாது” என்றது அடுக்கி.

“அடுக்கினதை யார்கிட்ட குடுக்கிறீங்க?”

“இந்த எண்ணிகிட்டதான்.”

கம்பைலர் எண்ணியிடம் திரும்பியது. “அதை வெச்சு நீ என்ன பண்றே?”

“மொத்தம் எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்வேன். கலைஞ்சு கிடந்தாலும் கணக்கு மாறாது.”

கம்பைலர் புரோகிராமிலிருந்து அடுக்கியின் பெயரை அடித்து நீக்கியது.

அடுக்கி எண்ணியை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது. “இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேட்டதே இப்பத்தான்.”