காத்து வரும்

மோதிர விரலால் பீப்பாயில் இரண்டு தட்டு.

வைன் ஊற்றிக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது.

நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன் ஒரு குளிர்லொறியின் வெளிப்பக்கம் கேட்ட அதே தட்டு.

மிச்ச வைனையும் ஊற்றினான். சிந்தவில்லை.

வந்திருந்தவர்கள் கனடாக்காரர்கள். கணவனும் மனைவியும். ஐந்து நாளில் ஏழு மலையூர் பார்க்கும் பயணம். இத்தாலியில் இது அவர்களுக்கு நாலாவது குன்று. கோட்டையைப் பார்த்தாகிவிட்டது. செங்கல் கோபுரத்தில் ஏறி இறங்கியாகிவிட்டது. இனி வைன். அதை ஊற்றுகிறவன் யாழ்ப்பாணத்தான் என்றதும் அந்த அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயோ, எங்கட பெடியன்! எந்த ஊர் தம்பி?"

அவன் தன் ஊரைச் சொல்லாமல் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னான்.

அவள் கணவனை ஜெகன் என்று கூப்பிட்டாள். பதினாறு வருடத்துக்கு முன் அவன் பெயர் வரதன். ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்ட் வரதண்ணை. இப்போது தலை நரைத்து, தொப்பையும் போட்டிருந்தது. மோதிரம் மட்டும் அதே பச்சைக்கல்.

வரதனுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? லொறியில் ஏற்றும்போது அவன் யார் முகத்தைப் பார்த்தான்? தலைகளை அல்லவா எண்ணினான்.

"உள்ளுக்க காத்து இருக்கோ அண்ணை?" என்று அன்று கேட்டது இவன் தம்பி நிரோஜன். பத்தொன்பது வயது.

"காத்து வரும்," என்றான் வரதன். கதவைச் சாத்தினான். லொறிக்காரனுக்கு, புறப்படு என்று வெளியே இரண்டு தட்டு.

காற்று வரவில்லை.

கதவு ரப்பரில் சின்னதாய் ஒரு கிழிசல். அதில் இவன் வாயை வைத்துக்கொண்டான். தம்பி கதவைத் தட்டினான். நாற்பத்து மூன்று தரம்.

பிறகு தட்டவில்லை.

பழி வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்ததில்லை. வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்தான்.

இன்று செவ்வாய்.

"கீழ பீப்பா வைக்கிற இடம் ஒண்டு இருக்காமே. ஒருக்கா பாக்கலாமோ?" என்றான் வரதன்.

"இந்தக் கிழமை ஆக்களை விடுறேல்லை."

அது உண்மை. அறுவடை முடிந்து திராட்சைச்சாறு நொதிக்கும் வாரம். நொதிப்பில் கிளம்பும் வாயுவால் நிலவறையில் காற்று செத்துக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சு முட்டும்போதுதான் தெரியும். முதலாளி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. மெழுகுதிரி இல்லாமல் இறங்காதே. அது அணைந்தால் அடுத்த படியில் கால் வைக்காதே.

"எங்கட ஆள்தானே நீர். விடுமன் தம்பி."

வரதன் சிரித்தான். பீப்பாயில் மறுபடியும் இரண்டு தட்டு.

இவன் போத்தலை மூடி வைத்தான். இப்படி ஒரு வெறுப்பு தன்னிடம் மிச்சம் இருப்பது அதுவரை இவனுக்கே தெரியாது.

"சரி. வாங்கோ அண்ணை."

அக்காவும் எழுந்தாள்.

"நீங்கள் இருங்கோ அக்கா. படி வழுக்கும்."

அவளுக்கு நிழலில் நாற்காலியை நகர்த்திப் போட்டான். ஒரு தட்டில் பாற்கட்டி வெட்டி வைத்தான். அவள் யார்மீதும் கதவைச் சாத்தியவள் அல்ல.

நிலவறைக் கதவு ஒரு சாண் கனம். அதில் இத்தாலிய மொழியில் ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்கியது.

வரதன் அதைப் படம் எடுத்தான்.

இவன் மெழுகுதிரியைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தான். வரதனுக்கு அது பிடித்திருந்தது. "பழைய காலம் மாதிரி," என்றான்.

"முன்னால போங்கோ."

இருபத்திரண்டு படி. இவன் மேலேயே நின்றான்.

ஐந்தாம் படியில் சுடர் குறுகியது.

ஒன்பதாம் படியில் ஒரு நீலப் பொட்டு.

பன்னிரண்டில் அதுவும் இல்லை.

"தம்பி, திரி நூந்து போச்சு." கீழே வரதனுக்கு மூச்சு வாங்கியது. "உள்ளுக்க காத்து இருக்கோ?"

அந்தக் கேள்வியை இவன் எதிர்பார்க்கவில்லை. கண் கரித்தது.

"காத்து வரும், வரதண்ணை."

கீழே நின்றவன் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருடமோ. பிறகு சப்பாத்துகள் படியேறும் சத்தம். விழுந்து, எழும்பி.

இவன் கதவைச் சாத்தினான். கொளுக்கியைப் போட்டான்.

கதவின் அடியில் ஒரு விரல் இடுக்கு உண்டு. படுத்து வாயை வைத்தால் மூச்சு வரும். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேவாலய மணி மதியம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. குன்று முழுக்க அந்தச் சத்தம்தான்.

"எங்க தம்பி இவர்?" முற்றத்திலிருந்து அக்கா.

"இப்ப வந்திடுவார்."

உள்ளங்கையைக் கதவில் வைத்தான். மணிச்சத்தத்தில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தட்டுவது கைக்குத் தெரிந்தது.

ஒன்று.

இரண்டு.

நாற்பத்து மூன்று வரட்டும். பிறகு யோசிக்கலாம்.