தனிப் படுக்கை

அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம். இப்பல்லாம் பொண்ணு தனியாத் தூங்குறா!"

எதிரே இருந்த குழந்தைகள் மனநல ஆலோசகிக்கும் உள்ளம் குளிர்ந்தது.

கொஞ்சமா பாடுபட்டாள்? இரவானால் வீடே அதிர அலறிய பெண். அம்மா வந்து பக்கத்தில் படுத்தால்தான் அடங்குவாள். "பெரிய பொண்ணு அழமாட்டா" என்று அவளிடம் ஆலோசகி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இப்போது அந்த ஏழு வயதுக்காரி சமர்த்தாக உறங்குகிறாள்.

பெற்றோரோடு பேசுவது இன்றோடு முடிகிறது. அப்பா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இப்படி ஒரு அப்பா அமைவது அபூர்வம் என்று ஆலோசகி மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் அம்மா கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தியதும் அவர் குரல் தடித்தது. யாரையோ காய்ச்சி எடுத்தார்.

அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"அவளுக்குப் பழையபடி பயம் வர்ற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா மேடம்?"

ஆலோசகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சமாளித்துக்கொண்டாள். அவள் பார்க்காத அம்மாக்களா? பிள்ளை ஒட்டிக்கொண்டே கிடக்க வேண்டும் சிலருக்கு. விலகினால் வெறிச்சென்று ஆகிவிடும். பிள்ளை வளர்வது நல்லதற்குத்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று இதமாகத் தொடங்கினாள்.

பக்கத்து விளையாட்டு அறையிலிருந்து குழந்தை வந்தாள். வெளியே ஒலித்த குரலைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா கோவமா இருக்காரும்மா. இன்னிக்கு நான் அழட்டுமா? நீ எங்கிட்ட வந்து படுத்துக்கலாம்ல."

ஆலோசகி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

வெளியே குரல் ஓய்ந்தது. காலடி நெருங்கியது. ஆலோசகி பாய்ந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கைப்பிடி ஒருமுறை திரும்பியது. மறுபடி, வேகமாக.

"அவரைக் காக்க வைக்காதீங்க மேடம். வீட்டுக்குப் போகணும்ல."

அம்மா எழுந்து வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தானே நீக்கினாள்.