முதலில் கயிறு

“கயிறைக் கட்டிட்டியா? கட்டாம நான் திருகுல கை வைக்க மாட்டேன்,” என்றான் படகுக்குள் குந்தியிருந்த அண்ணன்.

“ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். இழுத்தா மோட்டாரோட துறையும் சேர்ந்து வரும்,” என்றான் படகுத்துறைப் பலகைமேல் நின்ற தம்பி.

கயிற்றின் ஒரு முனை மோட்டாரின் கழுத்தில், மறுமுனை துறையின் மரத்தூணில். தம்பி சொன்னதை நம்பாமல் அண்ணனே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். போன வருடம் பக்கத்துப் படகுக்காரன், மோட்டாரைப் படகோடு இறுக்கியிருக்கும் திருகைக் கயிறு கட்டாமல் தளர்த்தினான். மோட்டார் நேராகக் கடலடிக்குப் போய்விட்டது. இன்றைக்கு அவன் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்கிறான். நாற்பது கிலோ இரும்புதான். ஆனால் அது முழுகினால் வீட்டு உலையும் சேர்ந்தே முழுகும்.

“பெட்ரோல் குழாய்?”

“கழட்டியாச்சு. உன் வாயை மட்டும்தான் கழட்ட முடியல.”

“முதுகை வளைக்காதே. முட்டியை மடக்கித் தூக்கு. போன தடவை ஒரு வாரம் குப்புறக் கிடந்தது யாரு?”

“நீ உன் தொப்பையைத் தாண்டிக் கை எட்டுதா பாரு, அண்ணே.”

அண்ணன் இரண்டு திருகையும் மாற்றி மாற்றித் தளர்த்தினான். படகின் பின்பலகையிலிருந்து மோட்டாரைத் தூக்கி, பச்சைப்பிள்ளையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

“நிமிர்த்தியே வாங்கு. தலை மேல, விசிறி கீழ. சாய்ச்சா உள்ளே தண்ணி இறங்கிடும்.”

“தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்ச லட்சணம் எனக்கும் தெரியும்.”

அண்ணன் ஒரு காலைத் துறைப் பலகைமேல் வைத்தான். அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து படகைத் தள்ளியது. ஒரு கால் பலகையில், ஒரு கால் படகில். நடுவில் கடல் அகலமாகிக்கொண்டே போனது.

“டேய், பிடிடா.”

“பிடிச்சிருக்கேன்.”

“என்னைப் பிடிக்காதே. மோட்டாரைப் பிடி.”

“மோட்டாரைத்தான் பிடிச்சிருக்கேன்.”

அண்ணன் தொப்பென்று விழுந்தான். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாக மோட்டாரை இழுத்துப் பலகைமேல் நிறுத்தினான்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. “நனைஞ்சுதா?”

“சொட்டுகூடப் படல.”

“உனக்கு?”

“இடுப்பு போச்சு.”

“முட்டியை மடக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“நீ மல்லாக்க விழறதைப் பார்ப்பேனா, முட்டியைப் பார்ப்பேனா?”

சொட்டச் சொட்ட ஏறிவந்த அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பாதிக்கு மேல் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். தம்பி ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மறுபாதியைச் சுமந்தான். துறைக்கு எதிரேயிருந்த மெக்கானிக் கொட்டகையில், தண்ணீர் பீப்பாய்க்குள் விசிறி முங்கும்படி மோட்டாரை மாட்டினார்கள். பெட்ரோல் குழாயைச் சொருகி, மோட்டாரின் ஸ்டார்ட்டர் கயிற்றை அண்ணன் ஒரு இழுப்பு இழுத்தான். முதல் இழுப்பிலேயே உறுமியது. அண்ணன் தம்பி இருவர் முகத்திலும் உயிர் வந்தது.

வேலை வந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்த மெக்கானிக், காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் முகம் தொங்கிப்போனது.

“குண்டுக்கல்லாட்டம் இருக்கு. இதுல ஒரு குறையும் இல்லையே. எதுக்குப்பா இவ்வளவு பாடுபட்டுக் கழட்டினீங்க?”

“நேத்து பாகம் பிரிச்சோம். படகு எனக்கு, மோட்டார் இவனுக்கு,” என்றான் அண்ணன், தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை நீவிவிட்டபடியே. “எங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு வேலை செய்ய ஒத்துவராது.”