ஏழாவது ஆய்வு

அதிகாரி வருவதற்குள் தீயணைப்புக் கருவியை ஒளித்துவிட வேண்டும். செல்லம்மா அந்தச் சிவப்பு உருளையைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகினாள்.

"இன்னாக்கா, கொயந்த மாரி சுத்தி வெச்சுகினுகீற? அப்டியே தாலாட்டும் பாடிரு!" பக்கத்து வீட்டுப் பவானி வாசலில் நின்று சிரித்தாள்.

"உன் வூட்ல கொயம்பு அடிபுடிச்சுகினுகீது. போய் அத்தப் பாரு."

திருவொற்றியூர்க் குப்பத்தில், கடலைப் பார்த்த அந்த மாடி அறை மகன் வெற்றிக்காகக் கட்டியது. மணமான கையோடு அவன் பெங்களூருக்குக் குடிபோய்விட்டான். கணவர் திருமலை காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்தில் நூறு பேரோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு வரும் செல்லம்மாவுக்கு, பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் பேச ஓர் ஆள் கிடையாது.

அப்போதுதான் அரசின் புதிய சுற்றுலாக் கொள்கை வந்தது. கடலோரக் குடும்பங்கள் தம் வீட்டு அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமாம். அதிகாரி நேரில் ஆய்ந்து சான்றிதழ் தருவாராம். கொள்கைப் புத்தகத்தின் அட்டையில் கடல் பளிங்காய் இருந்தது. சாலையை அடைத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும், காற்று திரும்பினால் மணலி ஆலைகளிலிருந்து வரும் நெடிக்கும் அந்த வழவழப்புத் தாளில் இடம் போதவில்லை போலும். குப்பத்துக்கு வழிகாட்ட ஒரு பலகை நட வேண்டும் என்றுகூட எவருக்கும் தோன்றவில்லை.

மாடி அறைக்கு மனுப் போட்டபோதே, பயணி எவனும் வரமாட்டான் என்பது செல்லம்மாவுக்குத் தெரியும். ஆனால், அதிகாரி வந்தார்.

கிருஷ்ணப்பன் கையிலிருக்கும் ஆய்வுப் பட்டியலை வரி பிசகாமல் பின்பற்றுபவர். அதில் ஒன்பதாவது வரி, 'விருந்தினருக்கு அளிக்கப்படும் உள்ளூர் உணவு'. அதற்காக அவர் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும். முதல்முறை மாடிப்படியில் விளக்கில்லை என்று குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போனார். ஒரு குறை இருந்தாலும் மறு ஆய்வு. மறு ஆய்வென்றால் முதல் வரியிலிருந்து எல்லாம் மறுபடியும்.

செல்லம்மா விதியைப் புரிந்துகொண்டாள். அதன்பின் மாதம் ஒரு குறையைத் தானே உண்டாக்கி வைத்தாள். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், அவர் எதற்காக இந்த வீட்டுப் படியேறப் போகிறார்?

இன்று ஏழாவது ஆய்வு. முதல் மூன்று முறை ஜீப்பில் வந்தவர், இப்போதெல்லாம் விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி, வியர்க்க விறுவிறுக்க நடந்து வருகிறார்.

"ஜீப்பு இன்னா ஆச்சு சார்? இன்னுமா ரிப்பேரு?"

"அது கிடக்குதும்மா. இன்னிக்கு என்ன மீன்?"

"சங்கரா. கண்ணு பளபளன்னு இருந்திச்சு, அவ்ளோ ஃப்ரெஷ்ஷு."

தோள்பையைத் திறந்தபோது எட்டிப் பார்த்த ஒரு பழுப்பு உறையை உள்ளே தள்ளிவிட்டு, அவர் குறிப்பேட்டை எடுத்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"வீட்டுல நானே வடிச்சு நானே திங்கிறேன். ஒரு நாள் ரசம் வெச்சா மூணு நாளைக்கு ஓடும்," என்றார்.

செல்லம்மா, ஏலத்தில் நடந்த சண்டை, போனை எடுக்காத மருமகள், உருகிப்போன ஐஸ் என ஒரு மாதத்துப் பேச்சையும் கொட்டித் தீர்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினார். கை கழுவிய பிறகுதான் சுவரைப் பார்த்தார்.

"போன மாசம் இங்க தீயணைப்புக் கருவி இருந்துச்சே?"

"கெட்டுப்பூட்ச்சி சார். ரிப்பேருக்குக் குடுத்துகீறேன்."

"இன்னாக்கா, மறந்துட்டியா?" பவானி உள்ளே நுழைந்தாள். "அரிசி மூட்டைக்குப் பின்னால தூங்கினுகீது சார்!" போர்வையை உருவி, உருளையை அவர் முன் நிறுத்தினாள். தோழிக்கு உதவிவிட்ட பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

உருளையின் முள், கருவி நன்றாக இருக்கிறது என்று காட்டும் பச்சையில் நின்றது. இனிக் குறையென்று சொல்ல வீட்டில் ஒன்றுமில்லை.

கிருஷ்ணப்பன் விளக்கைப் போட்டு அணைத்தார். குழாயைத் திருகினார். கட்டிலை ஆட்டிப் பார்த்தார்; அது அசையவில்லை. கடைசியில் ஜன்னலருகே போய் நெடுநேரம் நின்றார்.

"கொசுவலையில ஓட்டை இருக்கே."

பவானி எட்டிப் பார்த்தாள். "இதுலயா? கொசு இல்ல சார், கொசு வுடுற மூச்சுகூட இதுல பூராது!"

"ஓட்டை ஓட்டைதாம்மா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டார். "அடுத்த மாசம் வந்து பாக்குறேன்."

"தெச்சு வெக்கிறேன் சார்," என்றாள் செல்லம்மா, ஊசியைக் கையால் தொடுவதில்லை என்ற முடிவோடு.

மாலையில் தொலைபேசி ஒலித்தது.

"சுற்றுலா அலுவலகத்துலேர்ந்து ஜெயஸ்ரீ பேசுறேம்மா. இந்த மூணு மாசத்துல உங்க வீட்டுல எத்தனை பேர் தங்கினாங்கன்னு சொல்லணும்."

"யாரு வந்து தங்குவாங்க? எனக்கு இன்னும் சர்டிபிகேட்டே வரலியே மேடம்."

"எப்பவோ கையெழுத்தாயிடுச்சேம்மா. நேர்ல குடுக்குறேன்னு கிருஷ்ணப்பன் சாரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனாரு."

"இன்னா மேடம் சொல்றீங்க? இன்னிக்கு மத்தியானங்கூட ஆய்வுக்கு வந்து, கொசுவலைல ஓட்டைன்னு எய்தினு போனாரே!"

ஜெயஸ்ரீயின் குரல் உயர்ந்தது.

"இன்னிக்கா? அவரு ரிடையராகி நாலு மாசம் ஆச்சேம்மா!"