மூவாயிரம் முறை செத்தவன்

மேசைமேல் ஈய வீரர்களை நிறுத்திப் பகடை உருட்டிப் போரிடும் ஆட்டத்தில் அருளப்பனிடம் இருந்தது ஒரே தந்திரம். துப்பாக்கிக்காரன் ஒருவனைத் தனியே முன்னால் விடுவார். எதிராளி அவனைச் சுட ஆசைப்பட்டுத் தன் வரிசையைக் கலைப்பான். விதிப்படி தப்பே இல்லை. நாற்பது வருடத்தில் அதே பொம்மையை மூவாயிரம் தடவையாவது சாகக் கொடுத்திருப்பார். இறுதிச் சுற்றில் எதிராளி ஜெயசீலன் நாடா வைத்து அளந்தான்.

"அண்ணாச்சி, ஒங்காளு ஒரு அங்குலம் பின்னால நிக்கான். நகத்துனியளா?"

"ஏலே, நான் அப்படிப்பட்டவனா?"

கள்ளாட்டம் என்று பேச்சு வந்தால் கோப்பையோடு மானமும் போய்விடும். அருளப்பன் அந்தத் துப்பாக்கிக்காரப் பொம்மையை எடுத்து, எதிரியைப் பார்க்க முன்னால் வைத்தார். விரலில் ஈரம் ஒட்டியது. முகர்ந்தார், வியர்வை.

"ம், சுடுலே."

ஜெயசீலன் பகடையை உருட்டவில்லை.

"அண்ணாச்சி, துப்பாக்கியோட ஒங்களப் பாத்துல்லா திரும்பி நிக்கான். இப்போ யாரு முறை?"