டவரில் கூட்டம்

ஊரில் எல்லோரும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தி செல்போன் டவருக்குக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் இருப்பவர்களின் அழைப்பு மாலையில்தான் போய்ச் சேரும். அவர்கள் சண்டைக்கு வந்தால், "டவர்ல ஒரே கூட்டம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று பொய் சொல்லிக் குடும்பங்களைக் காப்பாற்றுவது டவர் ஆபீஸில் சகாயராணியின் வேலை.

அன்று மகள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் கணவன் ஜெரோமை மேசையிலிருந்தே அழைத்தாள். அழைப்பு போகவில்லை. ஊரின் மறுகோடியிலிருந்து ஆட்டோ பிடித்து அவளே ஓடினாள்.

மகள் கண் விழித்து, பொழுதும் சாய்ந்த பிறகுதான் ஜெரோம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "நான் என்ன செய்ய ராணி? டவர்ல ஒரே கூட்டம்."

குரல்கூட அவளுடையதைப் போலவே பணிவாக இருந்தது. அவள் அழைத்த நேரத்தில் அவன் தெரு டவர் அவள் மேசைத் திரையில் காலியாகக் கிடந்தது.